பூந்தமல்லியில் எல்லோருக்கும் ஒரே இடுப்பு

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் படியில் கால் வைக்கும்போதே பூந்தமல்லி தையற்கடை அக்காவின் போன் வந்தது. ஹலோ கூடச் சொல்லவில்லை.

"பாப்பா, இன்னா பண்ணி வெச்சிகீறீங்க? மூணு வயசுக் கொயந்தைக்குப் பட்டுப்பாவாடை தைக்கணும். இடுப்பு முப்பத்தெட்டுன்னு காட்டுது உன் ஆப்பு!"

"தப்பா ஏத்தியிருப்பீங்க அக்கா."

"நானா? சரி, அத்த வுடு. அந்தக் கொயந்தையோட அம்மாவுக்கும் முப்பத்தெட்டு. அவங்க மாமியாருக்கும் முப்பத்தெட்டு. எதிர் ஊட்டு டீச்சரு ஒடக்கான் மாதிரி ஒல்லியா இருக்கும், அதுக்கும் முப்பத்தெட்டு. சரி, என் அளவப் பாப்போம்னு எடுத்தேன். எனக்கும் முப்பத்தெட்டாம். அது ஒண்ணுலதான் எனக்குச் சந்தோசம்."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் வேலை டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்வது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடியில் இருக்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. தையற்கடை, மளிகைக்கடை, டியூஷன் சென்டர் என்று சின்னச் சின்ன இடங்களுக்கு ஆப் செய்து கொடுக்கிறோம். அக்கா கடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரின் அளவும் எங்கள் டேட்டாபேஸில் இருக்கிறது. அந்த டேட்டாபேஸ் கிளவுடில் இருக்கிறது. கிளவுட் என்றால் வானத்தில் இல்லை, மும்பையில் எவனோ வாடகைக்கு விடுகிற கம்ப்யூட்டர். அளவைப் பேப்பரில் எழுதுகிற பழக்கத்தை அக்காவிடமிருந்து பிடுங்கியதும் நாங்கள்தான்.

"கவலைப்படாதீங்க அக்கா. பேக்கப் இருக்கு," என்றேன். எங்கள் தொழிலில் இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் தானாகவே டாக்டர் குரலாகிவிடும்.

"மத்தவங்கள நெனச்சு நான் கவலப்படல பாப்பா. வரச்சொல்லி மறுபடியும் டேப்பு புடிச்சுடுவேன். ரெண்டு திட்டு திட்டுவாங்க, அவ்ளோதான். ஒரே ஒரு அம்மா கீறாங்க. அவங்களத்தான் எப்படிக் கூப்புடறதுன்னு தெரியல."

அதுவரை கத்திக்கொண்டிருந்த அக்காவின் குரல் இறங்கியது. கடையில் ஆள் இருந்திருக்க வேண்டும். ஷட்டரைத் தாண்டி வெளியே வந்து பேசுவது பஸ் ஹாரனில் தெரிந்தது.

அந்த அம்மாவின் மகளுக்கு அடுத்த வாரம் மாங்காட்டில் கல்யாணம். அம்மாவுக்குப் போன வருஷம் மார்பில் ஆபரேஷன். ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் ரவிக்கையே போடவில்லை, தொளதொள டாப்ஸும் மேலே ஒரு துப்பட்டாவும்தான். மகள் கல்யாணத்துக்காக முதல்முறையாக ஒரு ரவிக்கை. பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுக்கவும் வழியில்லை, அதெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால் தைத்தவை. மார்கழியில் ஒரு நாள், கடை சாத்துகிற நேரமாகப் பார்த்து வந்திருக்கிறார். அக்கா கட்டிங் மாஸ்டரை டீக்கு அனுப்பிவிட்டு, உள்ளறையில் வைத்து இடம் தனி, வலம் தனி என்று அளவெடுத்திருக்கிறார்.

"அந்தம்மா அழுவல பாப்பா. சுவத்தையே பாத்துகினு நின்னாங்க. முடிஞ்சதும், 'இதான் கடைசி, இனிமே எவ கிட்டயும் போய் நிக்கமாட்டேன்'னாங்க. 'நான் மறுபடி கேக்கவே மாட்டேன்'னு கையில அடிச்சு சத்தியம் பண்ணேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுகினு கேப்பேன்? ஆரி எம்பிராய்டரி போடறவரு சாயங்காலம் துணிய எடுக்க வந்துடுவாரு. அதுக்குள்ள வெட்டணும். எனக்கு அந்த ரெண்டு பக்கத்து அளவும் வோணும்."

சாதாரணமாக எனக்கு வாய் அதிகம். திண்டுக்கல்லிலிருந்து அண்ணனூருக்குக் குடி வந்து இத்தனை நாளாகியும் ஃபிளாட்டில் தண்ணீர் மோட்டார் விஷயமாக என்னிடம் பேச எல்லோருக்கும் பயம். அன்றைக்கு "எடுத்துத் தர்றேன் அக்கா," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு மாடியேறினேன்.

முதலாளி எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். அவர் பிறந்தது அம்பத்தூர். இதே கட்டடத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர், இப்போது சாஃப்ட்வேர். மனுஷன் தங்கம், ஆனால் எந்த மெஷினைப் பார்த்தாலும் கையை வைத்தே ஆக வேண்டும்.

"சார், நேத்து நான் லீவுல இருந்தப்ப டேட்டாபேஸ்ல யாராவது கை வச்சாங்களா?"

"யாராவதுன்னா? நாந்தான். வேப்பம்பட்டுக்காரம்மா ஒருத்தங்க எளைச்சிட்டாங்களாம். ஆப்புல அளவ மாத்துற பக்கம் தொறக்கலைன்னு தையக்கார அக்கா போன் போட்டாங்க. நீ இல்லன்னா ஆபீஸே நின்னுடுமா? நானே உள்ள பூந்து மாத்தி வுட்டேன். ஒரே ஒரு வரி தாம்மா எழுதினேன்."

"அந்த வரியில வேப்பம்பட்டு அம்மாவுக்குன்னு எழுதினீங்களா?"

"அது இன்னாத்துக்கு? அவங்களுக்குத்தானே மாத்தறேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். யாருக்கு என்று சொல்லாமல் 'இடுப்பு இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று மாற்று' என்றால் டேட்டாபேஸ் கேள்வி கேட்காது; ஊருக்கே மாற்றிவிடும். வேப்பம்பட்டு அம்மா இளைத்த இளைப்பில் பூந்தமல்லி வட்டாரத்துப் பெண்கள் எல்லோரும், மூன்று வயதுக் குழந்தை உட்பட, வேப்பம்பட்டு அம்மா ஆகிவிட்டார்கள். விஷயம் புரிந்ததும் முதலாளியின் முகம் செத்துப்போயிற்று.

"பேக்கப் கீதேம்மா?" என்றார்.

இருந்தது. அதாவது, இருக்க வேண்டும். தினமும் ராத்திரி கிளவுடிலிருந்து முழு டேட்டாபேஸையும் நகலெடுத்து வைக்க ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் ஆபீஸிலேயே இருக்கிறது. செருப்பு டப்பா அளவு. பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒரு பலகையில் அதை வைத்திருந்தோம், ஏனென்றால் அங்கேதான் ஒரு பிளக் பாயிண்ட் சும்மா இருந்தது. நகலெடுக்க முடியாமல் போனால் எனக்கு மெயில் வரும். பல மாதங்களாக ஒரு மெயிலும் வரவில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

போய்ப் பார்த்தேன். பெட்டியின் நெற்றியில் மூன்று விரல் சந்தனம், காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம். மேலே காய்ந்த சாமந்தி மாலை. பக்கத்தில் பிள்ளையார் படத்தைச் சுற்றி சீரியல் பல்புகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று குஷியாக மின்னிக்கொண்டிருந்தன. பெட்டியின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது பிளக்கில் முடியவில்லை. பலகைக்குப் பின்னால் அந்தரத்தில் தொங்கியது. பிளக்கில் இருந்தது சீரியல் பல்பு.

"சார்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறையில் யாரோ மெஷினை நிறுத்தினார்கள்.

ஆயுத பூஜை. அவருக்குப் பட்டறைக் காலத்துப் பழக்கம் போகவில்லை. சரஸ்வதிக்கும் சாமான்களுக்கும் சேர்த்து எல்லா மெஷினையும் அணைத்து, துடைத்து, சந்தனம் வைத்து, பொரி கடலை படைத்து, கேட்டில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார். மறுநாள் விஜயதசமியன்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கும்பிட்டு ஓடவிடுவார். மற்ற கம்ப்யூட்டர்களை எல்லாம் ஓடவிட்டார். இது பிள்ளையாருக்குக் கீழே இருந்ததால் இதுவும் சாமி சாமான் என்று அவர் நினைத்துவிட்டார்.

"சாமி லைட்ட எப்படிம்மா புடுங்குறது?" என்றார் பாவமாக.

"அப்ப என் பெட்டிய மட்டும் புடுங்கலாமா?"

"அதுக்கும் ரெஸ்ட்டு வோணுமேன்னு..."

"புரட்டாசியிலேருந்து தை வரைக்குமா சார் ரெஸ்ட்டு? கும்பகர்ணன்கூட இடையில எந்திரிச்சுச் சாப்பிடுவான்!"

"சரி, ஒனக்கு மெயிலு வந்திருக்கணுமே?" என்று என்னையே மடக்கப் பார்த்தார். மெயில் அனுப்புகிற வேலையையும் அதே பெட்டியிடம்தான் கொடுத்திருந்தேன். மூச்சு நின்றவன் தன் சாவுச் செய்தியைத் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்த புத்திசாலி நான். அதை அந்த நேரத்தில் அவரிடம் விளக்கவில்லை.

பெட்டியை ஓடவிட்டு உள்ளே பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வரையிலான நகல் பத்திரமாக இருந்தது. டீச்சர் இருந்தார், பழைய வேப்பம்பட்டு அம்மா இருந்தார், அக்காவின் உண்மையான இடுப்பும் இருந்தது. மார்கழியில் வந்த அம்மா இல்லை. எப்படி இருப்பார்?

இன்னும் ஒரே ஒரு வழி. கிளவுட்காரனே தனியாக ஒரு பேக்கப் வைத்திருப்பான். 'நேற்று இத்தனை மணிக்கு இருந்தது மாதிரி கொடு' என்று கேட்டால் அந்த நேரத்து டேட்டாபேஸைப் பக்கத்திலேயே புதிதாக எழுப்பிக் கொடுப்பான். ஆனால் எங்களுடையதில் ஒரு நாள் பின்னால் வரைக்கும்தான் போக முடியும். அதற்கு முந்தியது தானாக அழிந்துகொண்டே வரும். "நம்ம பெட்டி கீதே, ரெண்டு எதுக்கு?" என்று முதலாளி அதை ஒரு நாளாகக் குறைக்கச் சொல்லியிருந்தார். நானும் பெட்டியை நம்பிக் குறைத்திருந்தேன்.

"சார், நேத்து எத்தனை மணிக்கு அந்த வரியை எழுதினீங்க? சரியாச் சொல்லுங்க. அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னால போகணும்."

"மணி யாரு பாத்தாங்க... மதியம் சாப்ட்டப்புறம்."

"மதியம்னா ஒண்ணா, நாலா?"

யோசித்தார். பிறகு முகத்தில் வெளிச்சம் வந்தது. "வியாயக்கெயம! ராகு காலம் மூணு மணிக்குத்தானே முடியும்? அது முடியட்டும்னு ஒக்காந்து டீ குடிச்சேன். முடிஞ்ச ஒடனே எழுதினேன்."

இந்த மனுஷன் ராகு காலத்தில் புது பல்பு கூட மாட்ட மாட்டார். அவர் மூன்றுக்கு முன்னால் கை வைத்திருக்க வாய்ப்பே இல்லை. ஆக நேற்று மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் போனால் போதும். அதை இன்றைக்கு மூன்று மணிக்குள் செய்தாக வேண்டும். தாண்டினால் அந்த அம்மாவின் அளவு உலகத்தில் எங்குமே இருக்காது. உட்கார்ந்து கீபோர்டை இழுத்தேன்.

"இரும்மா, இரும்மா," என்றார் முதலாளி. "இன்னிக்கு வெள்ளி. இப்பதான் ராகு காலம் ஆரம்பிச்சிருக்கு. பன்னெண்டு மணிக்கு மேல பண்ணிக்கலாம்."

நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் ஒரு அடி பின்னால் போனார். "சார், கிளவுட் மும்பையில இருக்கு."

"அங்கயும் வெள்ளிக்கெயமதானே?"

"நேத்து நல்ல நேரம் பார்த்துத்தானே சார் ஊருக்கே முப்பத்தெட்டு வச்சீங்க!"

"அதுக்கில்லம்மா. ஏற்கெனவே கெட்டுக் கெடக்கு. இதுலயும் ஏதாவது ஆச்சுன்னா?"

அவர் பயந்துதான் சொன்னார் என்று தெரிந்தது. எனக்கும் அதே பயம்தான், அதனால்தான் கத்திக்கொண்டிருந்தேன். விவரமெல்லாம் சொல்லவில்லை. 'ஒரு அம்மா, ஆபரேஷன் ஆனவங்க. அவங்களை இன்னொரு தடவை நிக்க வச்சு அளவெடுக்க முடியாது. மகள் கல்யாணம்' என்றேன். அவர் பிள்ளையார் படத்தைப் பார்த்தார், சீரியல் பல்பைப் பார்த்தார், நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ஆரம்பிம்மா. ராகு கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் நேரத்தைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நேற்றைய தேதி, மதியம் மூன்றுக்கு ஐந்து நிமிஷம் முன்னால். பட்டனைத் தட்டினேன். திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. ரெஸ்டோர், அதாவது பழையதை மீட்டெடுப்பது, ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. அவசரத்தில் பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி. எட்டி எட்டிப் பார்ப்பதால் அது சீக்கிரம் வருவதில்லை. நடுவில் அக்கா போன் செய்துகொண்டே இருந்தார். "மாஸ்டர் கத்திரியோட ஒக்காந்துகினு கீறாரு பாப்பா." "மாஸ்டர் சாப்டப் போயிட்டாரு." "மாஸ்டர் தூங்கறாரு பாப்பா."

ஒரு வழியாகப் புது டேட்டாபேஸ் எழுந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். டீச்சர், முப்பத்தெட்டு. மூன்று வயதுக் குழந்தை, முப்பத்தெட்டு. மார்கழி அம்மா, இடமும் வலமும் ஒன்றே போல வேப்பம்பட்டு அளவு.

நான் முதலாளியைப் பார்த்தேன். உதடு 'ராகு' என்று அசைந்தது.

"ராகு இல்ல சார்!" என்று சீறினேன். ஆனால் என்னவென்று எனக்கும் தெரியவில்லை. இவர் பொய் சொல்கிறாரா? ராகு காலத்திலேயே எழுதிவிட்டு வெளியில் சொல்ல வெட்கப்படுகிறாரா? "டீ குடிச்சது நெசம்தானே?" என்று ஒரு கொலைக்குற்றவாளியை விசாரிப்பது போல விசாரித்தேன். "என் கொலசாமி மேல சத்தியமா" என்றார். குலசாமி மேல் ஆணை என்றால் அவர் விளையாடமாட்டார்.

மறுபடியும் நான் அடித்ததையே வாசித்தேன். அப்புறம்தான் உறைத்தது. கிளவுடுக்கு நம்ம ஊர் மணி தெரியாது. அதற்கு ஒரே மணிதான், லண்டன் பக்கத்து மணி, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நான் 'மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால்' என்று சொன்னதை அது அந்த ஊர்க் கணக்கில் எடுத்துக்கொண்டு, நம்ம ஊர் ராத்திரி எட்டரை மணி டேட்டாபேஸை எழுப்பிக் கொடுத்திருக்கிறது. அதற்குள் அவர் டீயும் குடித்து, வரியும் எழுதி, வீட்டுக்குப் போய் இட்லியே சாப்பிட்டிருப்பார். வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே நான் சொல்லித்தருகிற பாடம் இது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

"சார், எனக்கு நேரம் சொல்லாதீங்க. பக்கத்துல உக்காந்து எதுவுமே சொல்லாதீங்க," என்று அவரைத் திட்டிவிட்டு, ஐந்தரையைக் கழித்து, பேப்பரில் எழுதி, விரல் விட்டு எண்ணி, மறுபடியும் அடித்தேன். மூன்று மணிக்கு இன்னும் கொஞ்சம் நேரம்தான் இருந்தது. திரை யோசித்தது. 'அந்த நேரம் கைவசம் இல்லை' என்று சொல்லிவிடுமோ என்று மூக்கைத் திரையில் முட்டிக்கொண்டு பார்த்தேன். சொல்லவில்லை. சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. எடுத்துக்கொண்டது என்றால் எடுத்துக்கொண்டதுதான், இனி மூன்று அடித்தாலும் கவலையில்லை.

அந்த நேரத்தில் முதலாளி சும்மா இருக்க முடியாமல் ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து குட்டிப் பெட்டியின் சந்தனத்தைத் துடைத்தார். கடையில் போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கி வந்து, பிள்ளையாருக்கும் பெட்டிக்கும் தனித்தனி பிளக் கொடுத்தார். இருவரும் சாப்பிடவில்லை. அது ஞாபகமே இல்லை.

சக்கரம் நின்றது. உள்ளே போனேன். முதலில் டீச்சரைப் பார்த்தேன். இருபத்தாறு! ஒடக்கான் ஒடக்கானாகவே இருந்தது. சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினேன். அடுத்தது அந்த அம்மா. முதலாளி என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க சார்," என்றேன். மறுபேச்சில்லாமல் போனார்.

பெயர் இருந்தது. இடம் ஒரு எண், வலம் வேறு எண். இரண்டு எண்கள்தான். அதற்கு மேல் அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, இருக்கு. ரெண்டும் வேற வேறயாத்தான் இருக்கு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம், "யோவ் மாஸ்டரு, எந்திரி! தூங்கினது போதும்!" என்று காது கிழிகிற சத்தம்.

புதிதாக எழுந்த டேட்டாபேஸிலிருந்து எல்லோருடைய அளவையும் பழையதற்குத் திருப்பி எழுதினேன். எழுதும்போது யாருக்கு, யாருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லித்தான் எழுதினேன். வேப்பம்பட்டு அம்மாவுக்கு மட்டும் புது முப்பத்தெட்டை விட்டுவைத்தேன். கஷ்டப்பட்டு இளைத்திருக்கிறார், அதை நாம் ஏன் பிடுங்க வேண்டும்?

அக்கா அதோடு விடவில்லை. "நீயே வந்து என் போன்ல ஒவ்வொண்ணா பாத்து, சரியா கீதுன்னு சொல்லு. அப்பதான் நம்புவேன்" என்றார். அண்ணனூரில் இருக்கிற எனக்கும் பூந்தமல்லிக்கும் வழியில் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அடுத்த வாரம் ஆவடி போய் பஸ் மாறிப் போனேன். போய் ஸ்டூலில் உட்கார்ந்து அக்காவின் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். பட்டுப்புடவை, அரக்கு நிற ரவிக்கை, கையில் ஆரி வேலை. யாரென்று யாரும் சொல்லவில்லை. அக்கா எழுந்து நின்றதிலேயே தெரிந்தது.

அந்த அம்மா கண்ணாடி முன்னால் நின்று இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார். முந்தானையை ஒருமுறை இழுத்து விட்டார். பிறகு இழுக்கவில்லை.

"இன்னாடி இது, கழுத்த இவ்ளோ எறக்கி வெச்சிகீறே? கல்யாணப் பொண்ணு நானா, என் மவளா?"

"இப்ப எல்லாரும் அப்படித்தான்மா போடறாங்க."

"எல்லாரும் போட்டா நானும் போடணுமா? கொக்கி வேற இறுக்கமா கீது. கை நல்லா இருக்கு, அத்த வுடு."

கண்ணாடியிலிருந்து திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தவர், துப்பட்டாவைத் தேடவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தைக்கக் குடுக்க வந்தியாம்மா?"

"ஆமாம்மா."

"இவ கிட்டயே குடு. வாய்தான் நீளம், தையல் சுத்தம். ஒரே ஒரு வாட்டிதான் அளவெடுப்பா. அப்புறம் எத்தன வருசம் ஆனாலும் மறுபடி கேக்கவே மாட்டா."

அக்கா என்னைப் பார்க்கவில்லை, நான் அக்காவைப் பார்க்கவில்லை. கட்டிங் மாஸ்டர் மட்டும் ஒன்றும் தெரியாமல் கத்திரியை ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா கழுத்தில் தொங்கிய டேப்பை உருவிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். நான் எழுந்து கைகளைத் தூக்கினேன்.